வெளிச்சம் திரும்பி வராத பக்கம்

காலை ஆறரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு சீப்பக்கா தன் திருட்டு வேலையைத் தொடங்கினாள்.

திருட்டு என்றதும் பயந்துவிடாதீர்கள். அவள் எதையும் எடுக்கவில்லை, பூசத்தான் செய்தாள். இடுப்பில் செருகியிருந்த சின்ன டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷால் கருப்புத் தூளைத் தொட்டு, கட்டிலில் மல்லாந்து கிடந்த புருஷனின் இடது நெற்றி மேட்டில் ஒற்றி ஒற்றி வைத்தாள். அங்கே முடி போய் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் தோல்தான். தூள் ஏறினதும் அந்தத் தோல் முடியாகிவிட்டது. மேலே ஒரு சொட்டு ஸ்பிரே அடித்து, கொண்டையிலிருந்த வால் சீப்பை உருவி நாலு முடியை இழுத்து மூடினாள். முடிந்தது. பக்கத்தில் வந்து பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

கொண்டையில் எந்நேரமும் அந்த வால் சீப்பு இருப்பதால்தான் அவளுக்குச் சீப்பக்கா என்று பேர். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. அவ்வளவுதான் அவள் அழகு நிலையம். அவள் புருஷன் முப்பது வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வெளியே எல்லோருக்கும் அவர் டிரைவர். தலைமுடி விஷயத்தில் மட்டும் ராஜா.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கடை மூடுகிற நேரத்தில் வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். வாடிக்கையாளர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "ஏதாவது பண்ணு. ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. நம்ம பொண்ணுக்குக்கூட." அவள் கையடித்துக் கொடுத்தாள். அன்றைக்கு ஆரம்பித்த தூள், இன்று வரைக்கும் ஒருநாள் நிற்கவில்லை. ஜுரத்தில் படுத்தபோதும் பூசினாள். பக்கவாதம் வந்து இந்தக் கட்டிலில் போட்ட பிறகும் பூசுகிறாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் கூடவே வெச்சிருக்கேன்," என்றாள் காதோரம் குனிந்து. "மிஷின் கொண்டு வராங்களாம். நாலு பேர் பார்ப்பாங்க. நீங்க பாட்டுக்கு மாப்பிள்ளை மாதிரி படுத்திருங்க."

டிரைவருக்கு எல்லாம் புரியும். வார்த்தைதான் வெளியே வர மாட்டேன் என்கிறது. ரொம்ப நேரம் முட்டி மோதி, "க...ண்ணாடி," என்றார். அவள் காட்டினாள். இடது கையால் கண்ணாடியைப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வலது கை பக்கத்தில் பேசாமல் கிடந்தது.

அவர் அப்படி மல்லாந்து கிடப்பது பத்தாவது நாள். ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாள் தலைப்பக்கத்தை லேசாக உயர்த்திப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருந்த இரண்டு வார்த்தையும் போய், வலது கால் இன்னும் துவண்டுவிட்டது. படுக்க வைத்ததும் திரும்பி வந்தது. கழுத்தில் மூளைக்குப் போகிற ஒரு ரத்தக்குழாய் இடது பக்கம் சுருங்கியிருக்கிறது, தலையைத் தூக்கினால் ரத்தம் ஏறச் சிரமப்படுகிறது போல, என்றார் டாக்டர். அதிலிருந்து தட்டையாகவே வைத்திருக்கிறார்கள். அப்படியே விடவும் முடியாது. மூன்று நாளாக நெஞ்சில் சளி கட்டி, இருமல் கர்கர் என்று வருகிறது.

கீழே முதல் மாடியில் பயிற்சி வார்டு இருக்கிறது. கையையும் காலையும் பேச்சையும் மீட்டுக் கொடுக்கிற இடம். அங்கே சேர்க்க ஒரே ஒரு நிபந்தனை. ஆள் உட்கார வேண்டும். இன்று மத்தியானம் பன்னிரண்டு மணி வரைக்கும் அங்கே ஒரு கட்டில் காலி. அதற்குள் டாக்டர் சரி என்று சொல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த மிஷின்.

ஒன்பதரைக்கு மிஷின் வந்தது. சின்ன ஃபிரிட்ஜ் அளவில் ஒரு பெட்டி, சக்கரம் வைத்த மேஜை மேல். அதைத் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு பெண். வாரத்தில் இரண்டு நாள் வந்து இந்த வார்டில் ஆராய்ச்சி செய்கிறவள். வார்டில் அவளை லைட்டுப் பொண்ணு என்றுதான் சொல்வார்கள்.

"வலிக்குமா?" என்று கேட்டாள் டிரைவரின் மகள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, அப்பாவின் காலடியில் நின்றிருந்தாள்.

"வலிக்கவே வலிக்காது. ஊசி இல்லை, மருந்து இல்லை. நெத்தியில ரெண்டு ரப்பர் பட்டை ஒட்டுவேன். அதுல ஒரு முனையில வெளிச்சம் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். தோல், எலும்பு எல்லாம் தாண்டி மூளை மேல பட்டு, அங்கங்கே மோதி, ரெண்டு விரல் தள்ளி இன்னொரு முனையில கொஞ்சூண்டு திரும்பி வரும்."

"வந்து?" என்றாள் சீப்பக்கா.

அந்தப் பெண் யோசித்தாள். "உங்க கடையில தலை கழுவற தொட்டி இருக்கில்லம்மா? தண்ணி நிறைஞ்சிருக்கறப்போ, ஜன்னல் வெயில் அதுல பட்டு மேலே கூரையில தெரியுமே?"

"ஆமா, நெளிஞ்சு நெளிஞ்சு ஆடும்."

"தண்ணி சும்மா இருந்தா வெளிச்சமும் சும்மா இருக்கும். தண்ணியைக் கலக்கினா வெளிச்சம் குதிக்கும். அதேதான். உள்ளே ரத்தம் வேகமா ஓடினா, திரும்பி வர்ற வெளிச்சம் வேகமாத் துடிக்கும். மெதுவா ஓடினா மெதுவா. நான் அந்தத் துடிப்பை எண்றேன். முதல்ல படுக்க வெச்சு எண்ணுவேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தலையைத் தூக்கி எண்ணுவேன். குறையலைன்னா உட்கார வைக்கலாம்."

சீப்பக்காவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. படித்தவர்கள் எல்லோரும் இப்படியா விளக்குகிறார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு கண்டக்டர் வந்தார். டிரைவரோடு பத்தொன்பது வருஷம் ஒரே பஸ்ஸில் போனவர். வழுக்கை என்றால் வழுக்கை, பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது.

"என்னடா, இன்னும் படுத்துக்கிட்டே பஸ் ஓட்டறியா?" என்று கட்டிலைத் தட்டினார். "அண்ணி, பாருங்க இவனை. பத்து நாளா ஆஸ்பத்திரிச் சோறு. நமக்கெல்லாம் ஒருநாள் டியூட்டியிலயே மூஞ்சி வாடிடுது. இவன் தலை மட்டும் புல்வெளி மாதிரி நிக்குது. என்ன உரம்டா போடறே?"

டிரைவரின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. சீப்பக்கா போர்வையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

லைட்டுப் பொண்ணு புருவத்துக்கு மேலே மட்டும் பஞ்சால் துடைத்து, பட்டைகளை எவ்வளவு உயரமாக வைக்க முடியுமோ அவ்வளவு உயரமாக, முடிக்கு அடியில் நுழைத்து ஒட்டினாள். "மூளையில பாதிச்ச இடம் மேலே இருக்கு, அதான்," என்றாள். மேலே ஒரு கருப்புப் பட்டியைக் கட்டி, அறை விளக்கை அணைத்து, பெட்டியைப் பார்த்தாள்.

பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"வலது பக்கம் வருது. இடது பக்கம் ஒண்ணுமே வரலை."

பட்டையை அழுத்தினாள், வரவில்லை. ஒயரை ஊதிச் செருகினாள், வரவில்லை. இடது பட்டையைக் கழற்றி வலது பக்கம் ஒட்டினாள். உடனே வந்தது. திரும்ப இடது பக்கம். ஒன்றுமில்லை. மிஷின் மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் அவள் முகம் மாறிற்று. வெளியே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் வயசானவர், நிதானமானவர். பெட்டியைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "வெளிச்சம் உள்ளே போறது சரி. திரும்பி வரலை, அப்படித்தானே?"

"ஆமா டாக்டர். ஏதோ முழுங்குது. தேங்கின ரத்தமா இருந்தா இப்படித்தான் முழுங்கும். கருப்பா அடர்த்தியா எது இருந்தாலும் வெளிச்சத்தைத் தின்னுடும். மண்டையோட்டுக்கு அடியில புதுசா ரத்தம் கசிஞ்சிருந்தா..."

மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்கேன் எடுத்துடலாம்," என்றார் டாக்டர். "உட்கார வைக்கிற பேச்சு இன்னைக்கு வேணாம். சிஸ்டர், கீழே சொல்லிடுங்க, அந்தக் கட்டிலை அடுத்தவங்களுக்குக் கொடுக்கட்டும். ஸ்கேனுக்கே மூணு மணி ஆகும்." மணி பத்தே முக்கால்.

கருப்பா அடர்த்தியா எது இருந்தாலும். அந்த வார்த்தையைச் சீப்பக்கா தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இடுப்பிலிருந்த டப்பா சுட்டது. இன்னைக்குக் கொஞ்சம் கூடவே வெச்சிருக்கேன் என்று பெருமையாகச் சொன்னாளே!

அவள் கட்டிலில் குனிந்தாள். யாருக்கும் கேட்காத குரலில், "ஏங்க, தூள்தாங்க அது. நம்ம தூள். சொல்லிடட்டுமா?" என்றாள்.

டிரைவரின் கண் அவளைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தது. அப்புறம் கண்டக்டரைப் பார்த்தது. கண்டக்டர் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு கவலையாக நின்றிருந்தார். டிரைவர் உதட்டைக் குவித்து, திணறி, ஒரு வழியாகச் சொன்னார்.

"வே...ணாம்."

அன்றைக்கு அவர் தெளிவாகச் சொன்ன இரண்டாவது வார்த்தை அது. முதல் வார்த்தை கண்ணாடி.

நமக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு வரவில்லை. அந்த மனுஷனிடம் இப்போது என்ன மிச்சம் இருக்கிறது? கை போச்சு, கால் போச்சு, பேச்சு போச்சு. ஸ்டியரிங் பிடித்தவரை இன்னொருத்தர்தான் புரட்டிப் படுக்க வைக்கிறார். தன்னுடையது என்று வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு ரகசியம். அதையும் நான் பிடுங்குவதா? மூணு மணிக்கு ஸ்கேன் எடுத்தால் ரத்தம் இல்லை என்று தானே தெரிந்துவிடும். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கட்டில் மட்டும் போய்விடும்.

அப்போது அவருக்கு இருமல் வந்தது. கர்கர் என்று அடியிலிருந்து கிளம்பி, வெளியே வர வழியில்லாமல் நெஞ்சிலேயே சுற்றியது. கண் பிதுங்கிற்று. சிஸ்டர் ஓடிவந்து ஒருக்களித்துப் பிடித்தாள்.

இருமல் அடங்கியதும் சீப்பக்கா நிமிர்ந்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் வாக்கைக் காப்பாத்திட்டேன்," என்றாள் புருஷனிடம், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி. "இனிமே முடியாது. என் மேல கோவிச்சுக்கங்க. ஆனா உட்கார்ந்துக்கிட்டு கோவிச்சுக்கங்க."

டப்பாவை எடுத்து டாக்டர் கையில் வைத்தாள்.

"இது முடித்தூள், டாக்டர். கரி மாதிரி. இவருக்கு இடது பக்கம் முடி கிடையாது. தினம் காலையில நான்தான் பூசறேன். அந்தப் பட்டை இதுக்கு மேலதான் உட்கார்ந்திருக்கு."

டாக்டர் டப்பாவைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ தலையணை உறையில கருப்பு கருப்பா..." என்றாள் சிஸ்டர். "என் கண்மைன்னு சொன்னீங்களேம்மா!"

"பொய் சொன்னேன்மா."

"அப்பா?" என்றாள் மகள், வாயைப் பொத்திக்கொண்டு.

டிரைவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கண்டக்டர் முன்னால் வந்தார். சீப்பக்காவுக்குப் பகீரென்றது. இந்த ஆள் இப்போது ஏதாவது கிண்டல் பண்ணினால் மனுஷன் இன்னும் பத்து நாளைக்குக் கண்ணைத் திறக்க மாட்டாரே. "அண்ணா, இப்ப எதுவும்..." என்று கையைக் காட்டினாள்.

கண்டக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். பேண்ட் பையிலிருந்து ஒரு பழைய நீலத் துணியை எடுத்து விரித்தார். அதில் மங்கலாக, கழுவிக் கழுவியும் போகாத கருப்புத் திட்டுகள்.

"டேய்," என்றார். "உன் ஸீட்டுல தலை சாயற இடம் இருக்கில்ல? இடைவேளையில நீ சாஞ்சு தூங்குவியே, பக்கவாட்டுல. வெயில் காலத்துல தினம் கருப்பாயிடும். டெப்போவுல பசங்க பார்த்தா விடுவாங்களா? பத்தொன்பது வருஷமா ஷிப்டு முடிஞ்சதும் நான் துடைச்சுக்கிட்டு இருக்கேன்டா."

டிரைவர் கண்ணைத் திறந்தார்.

"தெரிஞ்சுதான் உரம் உரம்னு கேட்டேன். நீ சந்தோஷப்படுவியேன்னு. போதும்டா. நீ எழுந்து வா, துணி கிழிஞ்சு போச்சு."

டிரைவரின் நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று சிஸ்டர் கிட்டே போனாள். இருமல் இல்லை, சிரிப்பு. பாதி முகம் சிரித்தது, மீதிப் பாதியில் கண்ணீர் ஓடியது. மகள் வந்து அப்பாவின் நல்ல கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"மணி பதினொண்ணு," என்றார் டாக்டர், டப்பாவை மூடிக்கொண்டே. "இது எவ்வளவு நேரத்துல போகும்?"

லைட்டுப் பொண்ணு அதற்குள் ஸ்பிரிட் பஞ்சை எடுத்துவிட்டாள். சீப்பக்கா அவள் கையைப் பிடித்தாள். "அதைப் போட்டா இழுத்துக்கிட்டுப் போய் நெத்தி பூரா அப்பிக்கும் கண்ணு. தள்ளு."

இது அவள் ராஜ்யம். முதலில் எண்ணெய் தொட்டு ஊறவிட்டாள். அப்புறம் வெந்நீரில் சோப்பு நுரை. மூன்று துண்டு கருப்பாயின, நாலாவது வெள்ளையாகவே இருந்தது. வால் சீப்பின் கூர்முனையால் இரண்டு பக்கமும் முடியைக் கோடு கிழித்துப் பிரித்து, தோல் தெரிய வழி வகிர்ந்து, கிளிப் போட்டு நிறுத்தினாள். ஏழு நிமிஷம்.

"இவ்வளவு சுத்தமா எனக்கு ஒருநாளும் வகிடு விழுந்ததில்லைம்மா," என்றாள் லைட்டுப் பொண்ணு. "அடர்த்தியா முடி இருக்கறவங்களுக்கு அரை மணி நேரம் திண்டாடுவேன்."

"முதல்ல ஒட்டு."

ஒட்டினாள். விளக்கை அணைத்தாள். பெட்டியின் திரையில், வலது பக்கக் கோட்டுக்குப் பக்கத்தில், மெதுவாக இன்னொரு கோடு கிளம்பிற்று. நெளிந்து நெளிந்து, தொட்டித் தண்ணீர் கூரையில் ஆடுகிற மாதிரியே.

"வருது," என்றாள் அந்தப் பெண். "இடது பக்கம் வருது டாக்டர். உள்ளே தேங்கின மாதிரி எதுவும் தெரியலை."

சீப்பக்கா புருஷனின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தது.

"இப்ப இருக்கறதை நூறுன்னு வெச்சுக்குவோம்," என்றாள் லைட்டுப் பொண்ணு. சிஸ்டர் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றினாள். தலைப்பக்கம் ஒரு சாண் உயர்ந்தது. "தொண்ணூத்தாறு." ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள். "தொண்ணூத்தேழு. நிக்குது."

இன்னொரு சாண். கோடு சட்டென்று சரிந்தது. "எண்பத்தெட்டு. எண்பத்தஞ்சு."

"எண்பதுக்குக் கீழே போனா இறக்கிடுங்க," என்றார் டாக்டர். அவர் திரையைப் பார்க்கவில்லை, டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடது கையால என் விரலைப் பிடிங்க. நல்லா. இப்ப வலது காலை அசைங்க."

"எண்பத்திரண்டு."

சீப்பக்கா உள்ளுக்குள், ஏறுங்க, ஏறுங்க, நீங்க ஏத்தாத மேடா, என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் நீலத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எண்பத்திரண்டு. எண்பத்திரண்டேதான். எண்பத்தி நாலு." அந்தப் பெண் திரைக்கு இன்னும் கிட்டே போனாள். "தொண்ணூறு. ஏறுது டாக்டர். தொண்ணூத்தஞ்சு. இடது பக்கம் தானே சமாளிச்சுக்குது!"

பத்து நிமிஷம் ஆயிற்று. தொண்ணூற்றெட்டில் போய் நின்றது. அதற்கு அப்புறம் அசையவில்லை.

"உங்க பேர் சொல்லுங்க," என்றார் டாக்டர். டிரைவர் ரொம்ப முயன்றார். வரவில்லை. ஆனால் கண்டக்டரைப் பார்த்து, அவருடைய தலையைப் பார்த்து, தன் நெற்றியைத் தொட்டு, "உ...ன்னை... மாதிரி," என்றார்.

இரண்டு வார்த்தை. சேர்ந்தாற்போல. தலை உயர்ந்திருக்கும்போது.

"போடா," என்றார் கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் பளபளப்புக்கு நீ இன்னும் பத்து வருஷம் உழைக்கணும்."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். "இது போதும், உட்கார வைக்கலாம். கீழே போன் பண்ணுங்க. அந்தக் கட்டிலைக் கொடுத்துட்டாங்களா, இருக்கா?"

சிஸ்டர் போனை எடுத்தாள். காதில் வைத்துக் கேட்டாள். "நான் இன்னும் சொல்லவே இல்லை டாக்டர்," என்றாள் போனை மூடிக்கொண்டு, கொஞ்சம் வெட்கமாக. "இவருக்கு இருமல் வந்ததுல கீழே சொல்ல மறந்துட்டேன். இருக்காம். பன்னிரண்டுக்குள்ள கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

மணி பதினொன்று ஐம்பது.

தள்ளுகட்டிலில், தலை இரண்டு சாண் உயர்ந்தபடியே, டிரைவர் வார்டைவிட்டுக் கிளம்பினார். பத்து நாளில் முதல் தடவையாக அவருக்குக் கூரையைத் தவிர வேறு ஏதாவது தெரிந்தது. ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவில் திரும்புகிற ஒரு பஸ். அந்த பஸ் வளைவை எடுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தார்.

சீப்பக்கா வால் சீப்பைத் துடைத்துக் கொண்டையில் செருகப் போனவள், நின்று, அதை லைட்டுப் பொண்ணு கையில் கொடுத்தாள். "என்கிட்ட கடையில அரை டஜன் இருக்கு. ஒருநாள் வா, எப்படி வகிடு எடுக்கறதுன்னு காட்டறேன். உனக்கும் கொஞ்சம் நுனி வெட்டணும்."

மேஜைமேல் தூள் டப்பா கிடந்தது. இதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் எடுத்தாள். இனி எதற்கு? குப்பைக் கூடை பக்கத்திலேயே இருந்தது.

"ஏ...ய்," என்று சத்தம் வந்தது. வாசலில் தள்ளுகட்டில் நின்றிருந்தது. டிரைவர் இடது கையை நீட்டி, அந்த டப்பாவைக் காட்டினார். கோபமாக. உட்கார்ந்துகொண்டு.

"நா...ளைக்கு," என்றார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். டாக்டர் முதலில் சிரித்தார்.

"பூசுங்கம்மா," என்றாள் லைட்டுப் பொண்ணு, சீப்பைத் தன் கோட்டுப் பையில் செருகிக்கொண்டே. "திங்களும் வியாழனும் மட்டும் வேணாம். அன்னைக்குத்தான் நான் கீழே வந்து மறுபடி எண்ணுவேன்."

சீப்பக்கா டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலின் பின்னால் ஓடினாள்.